சிறைக்குள் எழுதிய நாட்குறிப்பு

பெங்களூரு மாநகரின் நடுவே 'ஃபிரீடம் பார்க்' என்னும் பூங்கா அமைந்துள்ளது. காலையில் அங்கே நடைப்பயிற்சி செய்வோரைக் காணலாம். வேறொரு பகுதியில் கோரிக்கை முழக்கத்தோடு கூடியிருப்போரையும் காணலாம். 2000ஆம் ஆண்டில் பரப்பன அக்ரகாரத்திற்கு மாற்றப்படும்வரை பெங்களூரு மத்தியச் சிறைச்சாலை இவ்விடத்தில்தான் இருந்தது. அச்சிறையில் எட்டு மாத காலம் அடைபட்டிருந்த கலைஞர் சினேகலதா ரெட்டி.

அவர் 1932ஆம் ஆண்டு ஆந்திரக் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அயலார் ஆட்சியை இளமையிலேயே வெறுத்தார். இந்தியப் பெயரையும் இந்திய உடையையுமே தமக்குரியனவாகக் கொண்டார். சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். தெலுங்குக் கவிஞரும் இயக்குநருமான பட்டாபிராம ரெட்டியை மணந்தார். கணவர், மனைவி இருவரும் ராம் மனோகர் லோகியாவின் சமதர்மக் கொள்கையில் ஈடுபாடு கொண்டவர்கள்.

யு. ஆர். அனந்தமூர்த்தியின் புதினத்தைத் தழுவிப் பட்டாபிராம ரெட்டி இயக்கிய 'சம்ஸ்காரா' என்னும் கன்னடத் திரைப்படம் 1970இல் வெளிவந்தது. அதில் சினேகலதா சந்திரி என்னும் பாத்திரத்தில் நடித்தார். தணிக்கைக் குழு முதலில் தடைசெய்த அப்படமே பின்னர் நாட்டின் சிறந்த திரைப்படத்திற்கான தங்கத் தாமரை விருதைப் பெற்றது.

1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தலைமறைவாக இருந்து அதனை எதிர்த்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் இக்குடும்பத்தின் நண்பர். அந்த நட்பே சினேகலதாவைச் சிறைக்குக் கொண்டு சென்றது எனலாம். 1976 மே 2ஆம் நாள் அவர் கைதுசெய்யப்பட்டார். பரோடா வெடிமருந்து வழக்கோடு அவரைத் தொடர்புபடுத்தினர். ஆயினும் அவ்வழக்கின் இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. பெயர் இல்லாதபோதும் விடுதலை இல்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த 'மிசா' சட்டத்தின்கீழ் அவர் தொடர்ந்து அடைக்கப்பட்டிருந்தார். அவர் கைதாவதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனுவுடன் உயர் நீதிமன்றத்தை அணுக எவருக்கும் உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்திருந்தது. இவ்வாறு, அவரைக் காக்கக்கூடிய நீதிமன்றத்தின் கதவும் மூடப்பட்டிருந்தது.

ஒருவர் மட்டுமே படுக்கக்கூடிய குறுகிய அறை. ஒரு மூலையில் கழிப்பறைக்குப் பதிலாக ஒரு துளை. கதவிருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பி வலை. நெடுங்காலமாக ஆஸ்துமா நோயால் துன்புற்றுவந்த அவருக்கு அவ்வறையே வீடாயிற்று. மருத்துவமும் முறையாகக் கிடைக்கவில்லை. அதே சிறையில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் மது தண்டவதே, இரவின் அமைதியில் அவரது அலறலைத் தாம் கேட்டதாகப் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார்.

இத்துன்பத்திற்கு நடுவிலும் சினேகலதாவின் கவனம் உடனிருந்த ஏழைப் பெண்களின்மீது சென்றது. புதிதாக வரும் பெண்களைச் சோதனை என்னும் பெயரில் எல்லோர் முன்னிலையிலும் இழிவுபடுத்துவதையும், கைதிகளை அடிப்பதையும், உண்ணத்தகாத உணவு வழங்குவதையும் அவர் நாட்குறிப்பில் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, அதிகாரிகளிடம் வாதாடினார், உண்ணாநோன்பும் இருந்தார். அதன்பின் அடி நின்றது. உணவும் ஓரளவு சீரானது. அவர் ஏற்று நடித்த எந்தப் பாத்திரத்தைவிடவும் இச்செயலே பெரிதென்று கருத இடமுண்டு.

சிறைகளுக்குப் பார்வையாளர்களை நியமிக்க 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே வழிவகுத்திருந்தது. மாவட்ட அதிகாரிகளும் பொதுமக்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டோரும் சிறைக்குள் சென்று, கைதிகளின் குறைகளைக் கேட்டு, பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். ஆனால் அந்த எட்டு மாதங்களில் அந்தப் பெண்களின் நிலையை வெளியுலகிற்காக எழுதிவைத்தவர் கைதியாக இருந்த ஒரு நடிகையே.

நோய் முற்றிய நிலையில் 1977 ஜனவரி 15ஆம் நாள் அவர் பரோலில் விடுவிக்கப்பட்டார். மூன்று நாள் கழித்து நாட்டில் பொதுத் தேர்தல் அறிவிப்பு வெளியாயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜனவரி 20ஆம் நாள், சினேகலதா உயிர்நீத்தார். அவருடைய சிறை நாட்குறிப்பை அவ்வாண்டே கர்நாடக மனித உரிமைக் குழுவினர் நூலாக வெளியிட்டனர்.

1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மற்றொரு சிறை வழக்கில் தீர்ப்பளித்தது. தில்லி திகார் சிறையில் சக கைதி ஒருவர் வதைக்கப்பட்டதைக் கடிதமாக எழுதி அனுப்பினார் சுனில் பத்ரா என்னும் கைதி. அக்கடிதத்தையே மனுவாக ஏற்ற அமர்வில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இருந்தார். மாவட்ட ஆட்சியர்களும் அமர்வு நீதிபதிகளும் தத்தம் எல்லையிலுள்ள சிறைகளைப் பார்வையிட வேண்டும், சிறைகளில் குறைகேட்புப் பெட்டி வைக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு பணித்தது. சிறார் இல்லங்களுக்கும் இன்று இத்தகைய கண்காணிப்பு உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குறைந்தது மூவர் கொண்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் அவ்வில்லங்களுக்குச் செல்லவேண்டும். அவர்களுள் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருத்தல் வேண்டும்.

பழைய சிறையின் ஒரு பகுதியை இடிக்காமல் காத்து, 2008இல் பூங்காவாகத் திறந்தனர். கைதிகள் இருந்த கூடங்களும், அவற்றின் நடுவே நின்ற காவற்கோபுரமும் இன்றும் அங்கே உள்ளன. சிறை இயங்கிய காலத்தில் காவலர் மட்டுமே நின்று பார்த்த அக்கூடங்களை இன்று எவரும் உள்ளே சென்று பார்க்கலாம்.