கணிப்பொறிக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

புதிதாகத் தேர் செய்தாலோ, பழைய தேரைப் பிரித்துப் பூட்டினாலோ, நேராகத் திருவிழாவன்று வடம் பிடித்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு நாள் வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, முடுக்கில் திரும்புகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று கண்ட பிறகே திருநாள். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். ஆடிப்பூரத் தேரோட்டம் காணும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. கணிப்பொறிக்கென்று ஆக்கப்படும் மொழிகளுக்கும் வெள்ளோட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புதிய பதிப்பை ஊருக்கெல்லாம் விடுவதற்கு முன், சிலரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லி, எங்கே இடறுகிறது என்று கேட்டு வாங்குவார்கள். கணிப்பொறி தோன்றிய காலத்திலேயே இப்பணியைச் செய்தவர் ஒரு கணித ஆசிரியை. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1906 டிசம்பர் 9 அன்று மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று அறிய ஆசைப்பட்டு ஒன்றைக் கழற்றினார். அது மீண்டும் சேரவில்லை. அடுத்ததைக் கழற்றிப் பார்த்தார். இப்படி வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் திருகும் சுருளுமாகிவிட்டன! அம்மா அடிக்கவில்லை, இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று சட்டம் போட்டார். தந்தையோ நோயால் கால்களை இழந்தவர். மகனுக்குத் தரும் படிப்பை மகள்களுக்கும் தந்தே தீரவேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். அந்நாளில் எல்லா வீடுகளிலும் இப்படி எண்ணியதில்லை.

பதினாறு வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது லத்தீன் பாடத்தில் மதிப்பெண் குறைவு என்று இடம் மறுக்கப்பட்டது. பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்கு இச்செய்தி எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓராண்டு பொறுத்து மறுபடி முயன்று சேர்ந்தார். 1928-ல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம், 1930-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1934-ல் அங்கேயே கணிதத்தில் முனைவர் பட்டம். இதற்கிடையில் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் அது நிலைக்கவில்லை. படித்த வாசர் கல்லூரியிலேயே ஆசிரியையாக இருந்தார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. அம்மையார் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல் என்றார்கள்; எடையோ வேண்டியதைவிட 15 பவுண்டு குறைவு. விடாமல் கேட்டுச் சிறப்பு அனுமதி பெற்று 1943-ல் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்றவரை 1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு எய்க்கன் என்ற பேராசிரியர் அமைத்த மார்க்-1 கணிப்பொறி இருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம், எடை ஏறத்தாழ 5 டன். நம் வகுப்பறைகள் இரண்டைச் சேர்த்தால்தான் கொள்ளும். இத்தனை பெரிய பொறி ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல்கள் மட்டுமே செய்யும்! கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு ஊட்ட வேண்டும். வந்த அன்றே எய்க்கன் ஒரு கணக்கைக் கையில் கொடுத்து அடுத்த வாரத்துக்குள் விடை கேட்டாராம். அம்மையாரோ அதற்கு முன் கணிப்பொறியைக் கண்ணால் கண்டதும் இல்லை. கற்றுக்கொண்டதோடு நில்லாமல், பிறர் கற்பதற்காக 500 பக்கங்களுக்கு மேற்பட்ட வழிகாட்டி நூலையும் எழுதி முடித்தார்.

அந்துப்பூச்சிக் கதை பல புத்தகங்களில் வருகிறது. 1947 செப்டம்பர் 9 அன்று மார்க்-2 பொறி தவறாக ஓடியது. திறந்து பார்த்தால் ஓர் இணைப்பானுக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிரலில் உள்ள பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கத்தை அம்மையார்தான் தொடங்கினார் என்பது சரியன்று. பொறியாளர்கள் எடிசன் காலத்திலிருந்தே அப்படிச் சொல்லிவந்தார்கள். பூச்சியைக் கண்டெடுத்ததும் அவருடன் பணியாற்றியவர்களே. அதைச் சுவையாகச் சொல்லி உலகறியச் செய்தவர் மட்டும் அவர்.

1949-ல் பிலடெல்பியாவில் யூனிவாக் என்ற கணிப்பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய பெரும்பணி இங்கேதான் நடந்தது. அந்நாளில் நிரல் எழுதுவோர், ஏற்கெனவே சரியாக ஓடிய சிறு கட்டளைத் தொகுதிகளைத் தம் குறிப்பேட்டில் வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்தெழுதுவார்கள். இடைவெளியைக் குறிக்க ஒரு முக்கோணம் போடுவது வழக்கம். கோணல் மாணலாகப் போட்டால் அது 4 ஆகிவிடும். ஆங்கில எழுத்து ‘பி’ 13 ஆகிவிடும். பார்த்து எழுதுவதில் படித்தவர்களே இப்படித் தவறினால், பார்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்ட பொறியிடம் அந்த வேலையை ஏன் விடக்கூடாது என்று அம்மையார் நினைத்தார். எந்தத் தொகுதி வேண்டும் என்று எண் மட்டும் கொடுத்தால், பொறி தானே தேடி எடுத்துக் கோத்து முழு நிரலாக்கித் தரும்படி 1952-ல் ஒன்றைச் செய்தார். அதன் பெயர் ஏ-0. இத்தகையதையே கம்பைலர் என்கிறோம்.

ஓடுகின்ற பொருள் கையில் இருந்தும் யாரும் அதைத் தொடவில்லை. கணிப்பொறி கணக்கு மட்டுமே போடும், நிரல் எழுதாது என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் வாதாடிக்கொண்டிராமல் திருத்திய பதிப்புகளைச் செய்தார். 1953-ல் முடிந்த ஏ-2 என்ற பதிப்பை அவ்வாண்டு இறுதியில் யூனிவாக் வாங்கியவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த விதத்தை எண்ணி எண்ணி வியக்கிறோம். மூடிய பெட்டியாகக் கொடுக்காமல், உள்ளே எழுதப்பட்ட கட்டளைகள் அனைத்தையும் சேர்த்துக் கொடுத்து, திருத்தங்களை எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்கள். பால்கோவா செய்பவர் பக்குவம் முழுவதையும் சொல்லிக் கொடுத்து, சர்க்கரை கூடியதா, பால் முறுகியதா, நீங்கள் கிளறிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதைப் போன்றது இது. எந்தக் கடையில் சொல்வார்கள்?

அடுத்து அவர் கேட்டது இன்னும் பெரியது. கணக்கர்களும் கிடங்குக் கண்காணிப்பாளர்களும் குறியீடுகளைக் கண்டு அஞ்சுகிறார்கள். அவர்கள் தம் சொற்களிலேயே கட்டளையிட வழி வேண்டும் என்றார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரியாது என்று மேலிடம் மறுத்துவிட்டது. அம்மையார் ஒரு மாதிரி நிரலை ஆங்கிலச் சொற்களில் எழுதி ஓட்டிக் காட்டினார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். பொறிக்கு எந்த மொழியும் தெரியாது, எழுத்துகளின் வரிசையைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஆதலால் எந்த மொழிச் சொல்லும் அதற்கு ஒன்றே என்று காட்டுவது அவர் எண்ணம். நடந்ததோ வேறு. அமெரிக்கப் பொறி அந்நிய மொழி பேசுவதா என்று மேலிடம் கலங்கிப்போய்விட்டது! இனி ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறிய பிறகே வேலை தொடர்ந்தது. இப்பகுதியை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, சற்று வருத்தமும் வந்தது. அன்று அவர் காட்டிய வழியில் தமிழுக்கும் இடம் இருந்ததல்லவா? இன்று எழில் என்ற பெயரில் தமிழ்ச் சொற்களால் ஆன நிரல்மொழி ஒன்று உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

அந்த ஆங்கிலச் சொல்மொழிக்கு ஃப்ளோமேட்டிக் என்று பெயரிட்டார்கள். ஆனால் அது யூனிவாக்கில் மட்டுமே ஓடும். ஒரு நிறுவனத்தின் பொறிக்கு எழுதியது இன்னொரு நிறுவனத்தின் பொறியில் ஓடாது. ஒரு தையல் இயந்திரத்தின் பாபின் வேறொன்றில் பொருந்தாததைப் போல. எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான மொழி வேண்டும் என்று 1959-ல் குழு அமைத்தார்கள். மேரி ஹாஸ், ஜீன் சாமெட், பெட்டி ஹோல்பர்ட்டன் முதலான பெண்மணிகள் இதில் பெரும்பங்கு ஆற்றினர். அம்மையார் ஆலோசகர், அவருடைய ஃப்ளோமேட்டிக்கே அடித்தளம். பிறந்த மொழியின் பெயர் கோபோல். (கோபால் என்று எழுதினால் நம் ஊர்ப் பெயராகிவிடும்!) 1960 டிசம்பர் 6, 7 ஆகிய நாள்களில் வெள்ளோட்டம் நடந்தது. ஒரே நிரலை ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியிலும் யூனிவாக்கின் பொறியிலும் ஓட்டினார்கள். இரண்டிலும் ஓடியது. இன்றும் பல நாட்டு வங்கிகளின் கணக்குகள் கோபோலில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1966 முடிவில் கடற்படை அவரை வயதின் காரணமாக ஓய்வில் அனுப்பியது. ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், ஆறு மாத வேலைக்கென்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது! கோபோலுக்கு ஆளுக்கொரு பதிப்பு விற்கத் தொடங்கியிருந்த காலம் அது. எல்லாரும் கோபோல் என்றே பெயர் ஒட்டினார்கள். ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் முடங்கியது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலை செய்யும் பெற்றோருக்கு இது எளிதில் விளங்கும். நாற்பதாம் நம்பர் என்று சீட்டு ஒட்டினால் மட்டும் நூல் நாற்பதாம் நம்பர் ஆகிவிடாது. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிற்க வேண்டும். நிறுத்துப் பார்க்காமல் வாங்கும் நெசவாளர் தறியில் அவதிப்படுவார். அம்மையாரின் குழு கடற்படையில் செய்தது இந்த எடைபார்க்கும் வேலையைத்தான். விடை முன்பே தெரிந்த சோதனை நிரல்கள் பலவற்றை எழுதினார்கள். கம்பைலர் விற்க வருபவர் அவற்றை ஓட்டிக் காட்ட வேண்டும். விடை மாறினால் திருத்திக்கொண்டு வரவேண்டும். யாருடைய பேச்சும் அங்கே எடுபடவில்லை, ஓடியதா இல்லையா என்பதே கேள்வி. அவரைப் பற்றி எழுதுபவர்கள் அந்துப்பூச்சிக்கு ஒரு பக்கமும் இதற்கு ஒரு வரியும் ஒதுக்குகிறார்கள். எங்களுக்கோ அவருடைய பணிகளில் இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

நம் அருட்சகோதரிகளுக்குப் பிடித்த ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கிறோம். இதே காலத்தில் அமெரிக்காவில் மேரி கென்னத் கெல்லர் என்ற துறவறச் சகோதரி இருந்தார். 1965-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் அத்துறையை நிறுவி நடத்தினார். 1985-ல் இறைவனடி சேர்ந்தார்.

முதிய வயதிலும் ஹாப்பர் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இளைஞருக்குப் பாடம் சொன்னார். நானோ செகண்டு என்றால் என்ன என்று கேட்பவர் கையில், ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித்துண்டைக் கொடுப்பார். ஒளி அந்த நேரத்தில் செல்லக்கூடிய தூரம் அவ்வளவுதான். மைக்ரோ செகண்டுக்கு 984 அடிக் கம்பிச்சுருள் வைத்திருந்தார். நம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரை மணி நேரம் பிடிக்கிறது. ஒளிக்கு ஐம்பது மைக்ரோ செகண்டுகூட ஆகாது என்று நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். அவருடைய அலுவலகத்துக் கடிகாரமோ பின்னோக்கி ஓடும். எப்போதும் இப்படித்தானே செய்தோம் என்று சொல்லி மாற மறுப்பவர்களுக்காக அதை மாட்டியிருந்தார். சற்று நேரம் பார்த்தால் அதிலும் மணி தெரியும்.

1986 ஆகஸ்டில், 79 வயதில், ரியர் அட்மிரல் பதவியில் இருந்தபோது, பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் அவருக்கு விடைகொடுத்தார்கள். அதன் பின்னும் ஒரு கணிப்பொறி நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். 1992 புத்தாண்டு நாளில் உறக்கத்தில் உயிர் பிரிந்தது. ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 1997-ல் அமெரிக்கக் கடற்படை ஹாப்பர் என்று பெயரிடப்பட்ட போர்க்கப்பல் ஒன்றைப் பணியில் சேர்த்தது. 2017-ல் அவர் படித்த யேல் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஒன்றின் பழைய பெயரை நீக்கிவிட்டு கிரேஸ் ஹாப்பர் கல்லூரி என்று வைத்தது.