துடைப்பத்தில் பிறந்த நாதம்

கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்சின் கதை

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் புகழோடு வாழ்ந்தது நான்கே ஆண்டுகள். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவருடைய கிதார் ஓசையை அப்படியே எழுப்பிவிட வேண்டும் என்று பல நாட்டு இளைஞர்கள் இன்னும் முயன்று வருகிறார்கள். அவர் வைத்திருந்த மாதிரியே கிதார் வாங்குகிறார்கள். ஒலிபெருக்கி வாங்குகிறார்கள். எல்லாம் வந்துவிடுகிறது. அந்த நாதம் மட்டும் வருவதில்லை!

ஏன்?

ஒரே ஒரு தந்தி

ஹென்ட்ரிக்ஸ் 1942-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிறந்தார். கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். அவருக்கு 15 வயதானபோது தாயார் இறந்துபோனார்.

சிறுவன் ஜிமி, துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிதார் வாசிப்பதுபோல் பாவனை செய்வான். பிறகு, குப்பையில் கிடந்த சிறிய வாத்தியம் ஒன்று கிடைத்தது. அதில் இருந்தது ஒரே தந்தி! காதில் விழுந்த பாட்டையெல்லாம் அந்த ஒரு தந்தியில் வாசித்துப் பழகினான். அதன் பிறகுதான் 5 டாலருக்கு ஒரு பழைய கிதார் வந்தது.

அவனுக்கு இடது கைப் பழக்கம். வலது கைக்காரர்களுக்கான கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தான். கடைசிவரை அதே பழக்கம்தான்.

பக்க வாத்தியம்

1961-ல் பட்டாளத்தில் சேர்ந்து, பாராசூட்டில் குதிக்கப் பயின்றார். 1962-ல் வெளியே வந்தார். பிறகு பல ஆண்டுகள் பிறருக்குப் பக்க வாத்தியம் வாசித்துப் பிழைத்தார். லிட்டில் ரிச்சர்ட் போன்ற பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.

1966-ல் சாஸ் சாண்ட்லர் என்ற ஆங்கிலேயர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். சில மாதங்களில் பெயர் பெற்ற கிதார் வித்வான்களெல்லாம் இவர் வாசிப்பைக் கேட்க வந்தார்கள்.

ஓசையின் ரகசியம்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்சார கிதார். மார்ஷல் என்ற பெரிய ஒலிபெருக்கி. ஓசையைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் வட்டமான பெட்டி. இவையே அவருடைய கருவிகள்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருந்தன. முதலில் வந்த பெட்டிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று ஒலிக்காது. சூடு ஏறினால் ஓசையே மாறிவிடும்! ஆகவே, அதே பெயருள்ள பெட்டியை வாங்கினாலும் அதே ஓசை வரும் என்று சொல்ல முடியாது.

பெட்டியைவிட முக்கியம், கை. கிதாரில் உள்ள சிறு திருகைக் குறைத்தால் இரைச்சல் அடங்கி ஓசை தெளிவாகும், கூட்டினால் சீறும். வாசித்துக்கொண்டே அவர் அதைத் திருகுவார். ஒலிபெருக்கிக்கு அருகில் கிதாரைக் கொண்டுபோனால் ஊளைச் சத்தம் எழும். மற்றவர்கள் அதைக் கண்டு பயந்தார்கள். அவரோ அதையும் இசையாக்கினார்.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். வியட்நாம் போர் நடந்த காலம் அது. கீதத்தின் நடுவே குண்டு விழுவது போலவும் விமானம் அலறுவது போலவும் கிதார் கதறியது. பட்டாளத்தில் இருந்தவரின் கை அது!

யாருடைய சொத்து?

அவருடைய இசை பிறரிடம் வாங்கியதுதானே என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். மட்டி வாட்டர்ஸ், பி.பி.கிங் போன்ற கறுப்பு இன மேதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். கிதாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிக்கும் வித்தையை அவருக்கு முன்பே டி-போன் வாக்கர் செய்து காட்டியிருந்தார்.

ஆனால் வாங்கியதை அவர் பெருக்கினார். பாப் டிலன் 1967-ல் வெளியிட்ட ஒரு பாட்டை 1968-ல் தம் பாணியில் பதிவு செய்தார். பின்னாளில் டிலனே அந்தப் பாட்டை மேடையில் ஹென்ட்ரிக்ஸ் பாணியை ஒட்டிப் பாடினார். கடன் வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்!

27 வயதில்

1970-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி லண்டனில் ஹென்ட்ரிக்ஸ் மரணமடைந்தார். தூக்க மாத்திரை அளவு மீறியதே எமனாயிற்று. வயது 27 தான்.

கிதாரும் பெட்டியும் கடையில் கிடைக்கும். ஆனால் ஒற்றைத் தந்தியில் பாட்டைத் தேடிய அந்தச் சிறுவனின் பசியை எந்தக் கடையில் வாங்குவது?