கடல் தாண்டிய ராமானுஜன்: ஊர் சொன்னால் மூளை ஏன் தலையாட்டுகிறது?

முடிச்சூரில் ஒரு அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின்டனன்ஸ் தொகையை ஏத்தலாமா என்று அசோசியேஷன் கேட்கிறது. வரிசையாக இருபது கட்டைவிரல்கள் வந்து விழுகின்றன. இப்போ வேண்டாமே என்று டைப் செய்து வைத்திருந்தவர், அதை அழித்துவிட்டுத் தானும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுகிறார். யாரும் அவரை மிரட்டவில்லை. அப்புறம் ஏன்?

இது செல்போன் கொண்டுவந்த பழக்கம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால், இதே தாம்பரம் வழியாகப் போகும் கும்பகோணம் ரயிலில் வந்துபோன ஒருவரையும் இந்தத் தயக்கம் ஏறக்குறைய ஓராண்டு கட்டிப்போட்டது. அவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். ஆச்சாரமான ஐயங்கார் வீடு. குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் கல்லூரிப் பட்டம் கிடைக்கவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அசந்துபோன ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க முயன்றார்.

ராமானுஜன் மறுத்துவிட்டார்.

காரணம் சின்னதில்லை. கடல் தாண்டியவரை அன்றைய ஆச்சாரக் குடும்பங்கள் விலக்கி வைத்தன. பந்தியில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். சாவுக்கும் வரமாட்டார்கள்.

இப்படி ஒதுக்கப்படுவதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது? 2003-ல் நவோமி ஐசன்பர்கர் குழு, கம்ப்யூட்டரில் பந்து வீசும் விளையாட்டு ஒன்றை வைத்தது. திடீரென்று ஒருவருக்கு மட்டும் பந்து வருவது நின்றுவிடும். வெறும் விளையாட்டுதான். ஆனாலும் உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி அப்போது வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. 2005-ல் கிரெகரி பெர்ன்ஸ் குழு நடத்திய ஆய்வில், குழுவின் தவறான பதிலை ஏற்காமல் தனித்து நின்றவர்களிடம், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா கூடுதலாக இயங்கியது. 2009-ல் வாசிலி குளுச்சாரெவ் குழு இன்னொன்றைக் கண்டது. நம் கருத்து கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததும், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பதுபோன்ற சிக்னல் மூளையில் எழுகிறது. வெகுமதியை எதிர்பார்க்கும் பகுதி மங்குகிறது. அந்த மாற்றம் பெரிதாக இருந்தவர்கள் பிறகு தங்கள் கருத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

ராமானுஜனின் தலையை யாரும் ஸ்கேன் செய்ததில்லை. ஒரு மனுஷனின் முடிவை ஒரு மூளைப் பகுதியின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. ஆனால் அவர் தயங்கியதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள், எதிரே நின்றது எவ்வளவு பெரிய வலி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் சென்னைக்கு வந்தபோது, ராமானுஜன் சம்மதித்துவிட்டார். நடுவில் என்ன நடந்தது? இரண்டு கதைகள் உண்டு. மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருப்பதாக அம்மாவுக்குக் கனவு வந்தது, வழியை மறிக்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டாள் என்பது ஒன்று. துறைமுக அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த நாராயண ஐயரோடு நாமக்கல் போய், கோயிலில் தங்கியபோது அவருக்கே உத்தரவு கிடைத்தது என்பது இன்னொன்று. எது சரியாக இருந்தாலும், அனுமதி வந்தது வெளியிலிருந்து இல்லை. அதே வீட்டிலிருந்து, அதே தெய்வத்தின் பெயரில் வந்தது.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை இங்கே பொருந்தும். மாதிரிக் கோட்டின் அதே நீளத்தில் இருப்பது எந்தக் கோடு என்று கேட்டார். அறையில் இருந்த மற்ற எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் தப்பான பதில் சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அந்த அழுத்தம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ராமானுஜனுக்கு அந்த ஒருவர், அம்மா.

புறப்படச் சில நாள் முன்பு அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். அவர்கள் போன பிறகுதான் குடுமியை எடுத்தார். 1914 மார்ச் 17-ல் கப்பல் கிளம்பியது.

ஒரு கட்டை மீறியவர் எல்லாவற்றையும் மீறிவிடவில்லை. கேம்பிரிட்ஜிலும் சைவம்தான், சமையலும் தானே. முதல் உலகப்போர் வந்து காய்கறி கிடைப்பது திண்டாட்டமானபோதும் விடவில்லை. 1917-ல் உடம்பு படுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அப்போதும் ஆஸ்பத்திரி வாசம் தீரவில்லை.

1919-ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்ய அம்மா ஏற்பாடு செய்திருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

ஆச்சாரமான சொந்தங்களில் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. கடல் தாண்டிய தீட்டு கழியவில்லையாம். தகனத்துக்கான ஏற்பாட்டைச் செய்தவர் ராமச்சந்திர ராவ். உறவினர் இல்லை, வேலையில்லாமல் அலைந்த நாட்களில் ராமானுஜனுக்கு மாசாமாசம் பணம் கொடுத்து உதவிய அரசு அதிகாரி. இருபத்தோரு வயதே ஆகியிருந்த ஜானகி, பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். 1994 வரை இருந்தார்.