வால்வெள்ளியைக் கண்ட வைணு பாப்பு

வானில் எப்போதேனும் தோன்றும் வால்வெள்ளியைத் தூமகேது என்று அழைத்து, தீமையின் அறிகுறியெனப் பலரும் அஞ்சிய காலம் உண்டு. அதனை அஞ்சாது ஆராய்ந்த அறிஞருள் ஒருவர் வைணு பாப்பு.

இவர் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்திலுள்ள நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியமையால், தொலைநோக்கி இவருக்கு இளமையிலேயே அறிமுகமாயிற்று. 1949இல் உயர்கல்விக்காக அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். சென்ற சில மாதங்களிலேயே, வானத்தைப் படமெடுத்த ஒளிப்படத் தகட்டில் புதியதொரு வால்வெள்ளியைக் கண்டார். அதனை உறுதிசெய்யப் பேராசிரியர் பார்ட் பாக்கும் கோர்டன் நியூகிர்க்கும் துணைநின்றனர். அவ்வால்வெள்ளி மூவர் பெயராலும் வழங்கலாயிற்று.

வால்வெள்ளியின் கரு பனிக்கட்டியும் தூசியும் கலந்தது என்பதை அதே ஆர்வர்டில் பிரெட் விப்பிள் 1950இல் விளக்கினார். கதிரவனை நெருங்குகையில், பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகிறது. ஆவியும் தூசியும் பரவி வாலாகின்றன. ஆயினும் வெப்பம் கருவின் உள்ளே எளிதில் புகுவதில்லை. மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டி விரைவில் உருகாததைப் போல, மேற்பரப்பில் படிந்த தூசி வெப்பத்தைத் தடுக்கிறது. எனவே உட்பகுதி பழைய குளிர்ச்சி மாறாமல் இருக்கிறது. வெப்பம் பனிக்கட்டியை அடையச் சிறிது நேரமாவதால் ஆவியும் தாமதித்தே சீறுகிறது. கரு தற்சுழற்சி உடையது. ஆதலால் அவ்வீச்சு அதனைப் பாதையில் முன்னோ பின்னோ தள்ளுகிறது. சில வால்வெள்ளிகள் கணித்த நாளில் வாராமைக்கு இதுவே காரணம்.

பாப்பு 1953இல் தாயகம் திரும்பினார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். விண்மீன் ஆய்வுக்கேற்ற தெளிந்த வானத்தைத் தேடி, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். அங்கு 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவர் வேட்கை. அதற்கான பணி நிறைவுறும் முன்னரே, 1982இல் மியூனிக் நகரில் மறைந்தார்.

உடன் உழைத்தோர் அப்பணியைக் கைவிடவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரியில் அவர் பெயராலேயே நாட்டுக்கு அளிக்கப்பட்டது. ஆலி வால்வெள்ளி கதிரவனை நெருங்கி வந்ததும் அவ்வாண்டில்தான். கண்டவர் மறைந்தாலும், காண்பதற்கு அவர் அமைத்த கண் காவலூரில் விழித்திருக்கிறது.

வினாக்கள்
1. வால்வெள்ளிக்கு வால் எவ்வாறு உண்டாகிறது?
2. கருவின் உட்பகுதி குளிர்ச்சி மாறாதிருப்பது ஏன்?
3. வைணு பாப்புவின் வேட்கை எவ்வாறு நிறைவேறியது?