தனித்தொகுதிக்குப் பின்னால் இருக்கும் இரட்டைமலையார்

நமது கூமாப்பட்டி அடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதி இன்று தனித்தொகுதி. இந்த உரிமை சும்மா வந்ததல்ல. இதற்காகப் போராடியவர்களில் முன்னவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள கோழியாளம் இவரது ஊர். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1923-ல் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். அரசு கொடுத்த பதவிதானே என்று வாய்மூடி இருக்கவில்லை. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எல்லோருக்கும் பொது என 1924-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அது அரசாணையானது.

சொத்தும் வரியும் உள்ளவருக்கே ஓட்டு என்றிருந்த காலம் அது. 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும் கேட்டார். 1932 ஆகஸ்டில் இரட்டை வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. இரட்டைமலையாரும் கையெழுத்திட்டார்.

மாகாண சபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு 30. முதலில் ஒடுக்கப்பட்டோர் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்வு செய்வார்கள். சுதந்திர இந்தியாவில் இடஒதுக்கீடு நிலைத்தது; அந்த முதற்கட்டத் தேர்தல் இல்லாமல் போனது.

1945 செப்டம்பர் 18-ல் அவர் மறைந்தார். நியமன உறுப்பினராக இருந்தே தெருவுக்கும் கிணற்றுக்கும் வாதாடியவர் அவர். நம் ஓட்டில் வென்றவர்கள் சட்டசபையில் நமக்காக என்ன பேசினார்கள்? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதை நாம் கேட்க வேண்டும்.