தானியங்கித் தொலைபேசி இணைப்பகம் கண்ட ஸ்ட்ரோஜர்

தொலைபேசி என்றதும் மாணவ நண்பர்கள் கிரகாம் பெல்லைச் சொல்வார்கள். எனக்கோ அல்மன் ஸ்ட்ரோஜரின் நினைவுதான் முதலில் வரும். சிறுவயதில், தொலைபேசி இலாகாவில் மெக்கானிக்காக இருந்த என் மாமாவுடன் இணைப்பகத்துக்குள் போயிருக்கிறேன். வரிசை வரிசையாக நின்ற சுவிட்சுகள் ஓயாமல் டக டகவென்று ஏறியும் சுழன்றும் ஒலித்தன. அவை ஸ்ட்ரோஜர் சுவிட்சுகள் என்றார் மாமா.

1839-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பென்பீல்டு என்னும் ஊரில் பிறந்தவர் ஸ்ட்ரோஜர். உள்நாட்டுப் போரில் குதிரைப்படை வீரர். பின்னர் பள்ளி ஆசிரியர். அதன்பின் கான்சாஸ் நகரில் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டார். பொறியியல் கற்றவரல்லர்.

அக்காலத்தில் எவரோடு பேசுவதானாலும் இணைப்பகத்துப் பெண்ணிடம் சொல்லித்தான் இணைப்புப் பெற வேண்டும். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டித் தொழில்காரர் ஒருவருக்குப் போய்விடுவதாக ஸ்ட்ரோஜர் ஐயுற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சாவு விழுந்த வீட்டார் ஒருமுறைதான் அழைப்பார்கள். அது கைதவறினால் பிழைப்புப் போயிற்று. இடையில் ஆளின்றி, அழைப்பவரே எண்ணை இயந்திரத்துக்குத் தெரிவிக்க வழி தேடினார். 1889-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1891-இல் கிடைத்தது. 1892 நவம்பர் 3 அன்று இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அவர் முறையிலான இணைப்பகம் திறக்கப்பட்டது.

அதன் சைகை முறை எளிது. பத்துகளுக்கு ஒரு பொத்தான், ஒன்றுகளுக்கு ஒரு பொத்தான். 42 வேண்டுமென்றால் முன்னதை நான்கு தரமும் பின்னதை இரண்டு தரமும் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தலும் ஒரு மின்துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவிட்சின் கை ஒரு படி நகரும். எண்ணிக்கை பிசகினால் வேறு வீட்டில் மணியடிக்கும்! இதற்கென்று பேச்சுக் கம்பி போகக் கூடுதல் கம்பிகளும் தேவைப்பட்டன. 1896-இல் அவருடைய நிறுவனத்தார் சுழலும் டயலை அமைத்தனர். நாளடைவில் கட்டளையும் பேச்சும் ஒரே இணைக்கம்பியில் சென்றன.

விந்தை என்னவெனில், 1980-இல் வகுக்கப்பட்ட ஏழாம் எண் சைகை முறை கட்டளையை மறுபடியும் தனிப்பாதைக்கு அனுப்பியது. மறுமுனையில் இருப்பவர் வேறொருவரோடு பேசிக் கொண்டிருந்தால், அதை அறியும் வரை பேச்சுப் பாதையை அடைத்து வைக்க வேண்டியதில்லையல்லவா? அகன்ற அலைவரிசை வலையமைப்புகளை வகுத்தவர்களும் இதே பிரிவினையைக் கைக்கொண்டனர்.

தானியங்கி முறையால் பல பெண்களின் வேலை போயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. ஸ்ட்ரோஜரும் பெருஞ்செல்வம் ஈட்டவில்லை. 1896-இல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கும், 1898-இல் தம் பங்கை 10,000 டாலருக்கும் விற்றார். 1902-இல் புளோரிடாவில் காலமானார். மாமாவின் இணைப்பகத்துச் சுவிட்சுகளையும் பின்னாளில் கழற்றிப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விட்டார்கள்.