ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன்: பாவையரங்கு தந்த கதாசிரியர்

விளையாட்டு வேறு, வினை வேறு என்பது உலகோர் கொள்கை. சிறுவர் கையிலுள்ள பொம்மையைக் காணும் பெரியோர், அதனைப் பொழுதுபோக்கும் கருவியென்றே எண்ணுவர். ஆயினும், நோயுற்ற சிறுவன் ஒருவன் காகிதப் பாவைகளைக் கொண்டு ஆடிய ஆட்டமே, பிற்காலத்தில் பல தேயத்தாரும் விரும்பிப் படிக்கும் ஒரு கடற்கதைக்கு வித்தாயிற்று. அக்கதையும் நூறாண்டுகளுக்கு மேல் உலகில் உலவியபின், மீண்டும் பாவைகளிடமே வந்து சேர்ந்தது. ‘புதையல் தீவு’ என்பது அக்கதையின் பெயர். அதனை இயற்றிய ஸ்டீவன்ஸனுடைய சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், 1850-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் தேதி இவர் பிறந்தார். இவருடைய பாட்டனார், பெல் ராக் என்னும் கடற்பாறையின்மீது கலங்கரை விளக்கம் எழுப்பிப் புகழ்பெற்றவர். தந்தையார் தாமஸ் ஸ்டீவன்ஸனும் அத்தொழிலிலேயே சிறந்து விளங்கினார். அலைகளுக்கு நடுவே கல்லடுக்கி விளக்கேற்றி, மாலுமிகளின் உயிர்காக்கும் அவ்வரிய தொழிலைத் தம் ஒரே மைந்தனும் மேற்கொள்ளுதல் வேண்டுமென்பது தந்தையின் பேரவா.

மைந்தனோ நுரையீரல் நோயால் ஓயாது வருந்தினான். குளிர்காலத்தின் நெடிய இரவுகளில் உறக்கமின்றி இருமும் குழந்தைக்கு, அலிஸன் கன்னிங்ஹாம் என்னும் செவிலி வேதக் கதைகளும் பழங்கதைகளும் சொல்லித் தேற்றுவாள். பகற்பொழுதின் துணை காகித நாடகமேடை. அக்காலத்தில் ஸ்கெல்ட் என்னும் அச்சகத்தார், நாடக பாத்திரங்களையும் காட்சித் திரைகளையும் தாள்களில் அச்சிட்டு விற்றனர். வண்ணமிடாத தாள் ஒரு பென்னி. வண்ணமிட்டது இரண்டு பென்னி. சிறுவர் அவ்வுருவங்களை அட்டையில் ஒட்டிக் கத்தரித்துச் சிறு மேடையில் நகர்த்திக் கதை நடத்துவர். கள்வரும், கடற்கொள்ளைக்காரரும், கள்ளச்சரக்கு வணிகரும் அம்மேடையில் உலவினர். அக்கடையின் வாயிலில் நின்று ஏங்கியதைத் தம் வாழ்நாள் முழுதும் ஸ்டீவன்ஸன் மறந்தாரில்லை. 1884-இல் அப்பாவையரங்கின் புகழைப் பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார்.

1867-இல் எடின்பரோ சர்வகலாசாலையில் எஞ்சினியர் கல்வி பயிலச் சேர்ந்தார். கலங்கரை விளக்கத்துக்குரிய ஒரு புதிய விளக்கமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1871-இல் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. அவ்வாண்டிலேயே, தாம் எழுத்தாளராகவே வாழ விரும்புவதாகத் தந்தையிடம் அவர் தெரிவித்தார். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் தம் மைந்தனோடு அற்றுப்போவதைக் கேட்ட தந்தையின் நெஞ்சம் எத்துணை நொந்திருக்கும்! முடிவில், சட்டம் பயின்றேனும் ஓர் உத்தியோகத்துக்கு உரியவனாகுக என இசைந்தார். 1875-இல் வக்கீலாகப் பதிவுபெற்றும் ஸ்டீவன்ஸன் அத்தொழிலில் ஊன்றவில்லை. சமயக் கருத்திலும் இருவருக்கும் வேறுபாடு நேர்ந்து, வீட்டில் துயரம் நிறைந்தது.

1876-இல் பிரான்சு தேசத்தில் ஃபேனி ஆஸ்போர்ன் என்னும் அமெரிக்க மாதைச் சந்தித்தார். 1879-இல் நோயுற்ற உடலோடு அவரைத் தேடிக் கடல்கடந்து சென்று, 1880-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் மணந்தார். அம்மாதின் முதல் மணத்துப் புதல்வன் லாயிட், இவருக்கு மகனும் விளையாட்டுத் தோழனும் ஆயினான்.

1881-ஆம் ஆண்டுக் கோடையில் குடும்பத்தார் ஸ்காட்லாந்தின் பிரேமர் என்னும் மலையூரில் தங்கியிருந்தனர். ஓயாத மழை. வெளியே செல்லவியலாத சிறுவன் லாயிட் படம் வரைந்துகொண்டிருந்தான். ஸ்டீவன்ஸனும் உடனிருந்து ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணந்தீட்டினார். அத்தீவின் காடுகளை உற்றுநோக்க நோக்க, வாளேந்திய மாந்தர் பலர் அவற்றினிடையே தோன்றலாயினர். கதை பிறந்தது. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாகக் காலையில் எழுதி, பகலுணவுக்குப் பின் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டினார். கதையில் பெண்களே வருதல் கூடாதென்பது லாயிட் இட்ட கட்டளை.

அவ்வேளையில் யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. முதியவர் தாமஸ் ஸ்டீவன்ஸன் அக்கதையில் ஒரு சிறுவனைப்போல் ஈடுபட்டார். தம் வாழ்நாளெல்லாம் இரவில் உறங்குமுன் கப்பல்களையும் கள்வரையும் பற்றித் தமக்குத்தாமே கதை புனைந்து மகிழ்ந்தவர் அவர். இறந்துபோன கொள்ளைக்காரனுடைய பெட்டியில் இருந்த பொருள்கள் யாவை என்னும் பட்டியலை, ஒரு பகலின் பெரும்பகுதியைச் செலவிட்டு அவரே வரைந்து தந்தார். கொள்ளைத் தலைவனுடைய கப்பலுக்குப் பெயரிட்டவரும் அவரே. தொழிலாலும் சமயக் கொள்கையாலும் பிரிந்த தந்தையும் மைந்தனும், ஒரு விளையாட்டினால் ஒன்றுகூடினர்.

பதினைந்து அத்தியாயங்களோடு கற்பனை வறண்டது. பனிக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் மருத்துவத்துக்காகத் தங்கியபோது எஞ்சிய பகுதி முற்றுப்பெற்றது. 1881 அக்டோபர் முதல் 1882 ஜனவரி வரை ஒரு சிறுவர் பத்திரிகையில், காப்டன் ஜார்ஜ் நார்த் என்னும் புனைபெயரில் வெளிவந்தும், அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1883-இல் நூலுருப் பெற்றபின்னரே புகழ் பரவியது. இதற்கிடையில் மூலப்படம் அஞ்சலில் காணாமற்போக, தந்தையின் அலுவலகத்தில் கதையைப் பார்த்துப் படத்தை மறுபடி வரைய நேர்ந்தது.

இக்கதையின் உயிர், ஒற்றைக்காலன் ஜான் சில்வர். அவன் கப்பலின் சமையற்காரனாக வந்து, இன்சொல்லால் சிறுவன் ஜிம்மின் அன்பைக் கவர்வான். அவனே கொள்ளையர் தலைவன். நோயினால் காலிழந்தும் ஊக்கம் இழவாத தம் நண்பர் ஹென்லியை எண்ணியே இவனைப் படைத்தார். அஞ்சத்தக்க ஒருவனிடம் அன்பும் கொள்ளநேர்ந்த சிறுவனின் கலக்கமே இக்கதையை வெறும் புதையல் வேட்டையினின்றும் உயர்த்துகின்றது.

1887-இல் தந்தையார் காலமானார். 1888-இல் பசிபிக் கடலில் புறப்பட்ட ஸ்டீவன்ஸன், 1890-இல் ஸமோவாத் தீவில் வைலிமா என்னுமிடத்தில் குடியமர்ந்தார். அத்தீவினர் அவரைக் கதை சொல்வோன் எனப் பொருள்படும் டூஸிடாலா என்னும் பெயரால் அழைத்தனர். சிறைப்பட்ட தலைவர்களுக்கு அவர் துணைநின்றார். விடுதலை பெற்ற அவர்கள் 1894-இல் தம் கைகளாலேயே அவர் இல்லத்துக்குச் சாலை அமைத்து நன்றி செலுத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, தம் 44-ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார். தீவினர் வையா மலையின் காட்டை வெட்டி வழிசெய்து, அவருடலைத் தோள்களில் சுமந்துசென்று உச்சியில் அடக்கம் செய்தனர். பொட்டிபுரம் முதலிய நம்மூர்களிலிருந்து போடிமெட்டுக்கு ஏறி ஏலமலைச் சரிவுகளைக் கண்டவர்க்கு, மலைக்காட்டில் வழிகாண்பது எத்துணை அரிதென்பது நன்கு விளங்கும்.

அவருடைய கதை அவரோடு மடியவில்லை. பலமுறை திரைப்படமாயிற்று. அவற்றுள் 1996-இல் வெளிவந்த நகைச்சுவைப் பாவைப்படம் தனிச் சிறப்புடையது. மப்பெட் என்னும் பாவைகளைப் படைத்த அமெரிக்கராகிய ஜிம் ஹென்ஸன் 1990-இல் காலமாக, அவர் மைந்தர் பிரையன் ஹென்ஸன் தந்தையின் கலையை ஏற்று, இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் இதனை உருவாக்கினார்.

பாவையின் தலைக்குள் ஒரு கையை நுழைத்து வாயசைத்து, மறு கையால் மெல்லிய கம்பிகளைப் பிடித்துப் பாவையின் கரங்களை இயக்குவது அவர்தம் முறை. ஆட்டுவோர் மறைந்து நிற்பதற்காக மேடைத்தளத்தை உயர்த்தி அமைப்பர். அவர்கள் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தியவாறே, பாவையின் அசைவைச் சிறு தொலைக்காட்சித் திரையில் நோக்கி ஆட்டுவர். தவளைப்பாவை கப்பல் தலைவனாயிற்று. கரடிப்பாவை செல்வந்தனாகித் தன் விரலுக்குள் ஒரு மனிதன் குடியிருப்பதாக நம்பிப் பிதற்றிற்று. தனித்தீவில் விடப்பட்ட பென் கன், பெஞ்சமினா என்னும் பன்றிச் சீமாட்டியாக மாறினான். லாயிட்டின் பழைய கட்டளையும் காற்றில் பறந்தது!

இத்துணை நகைப்புக்கிடையே சில்வர் வேடத்துக்கும் ஜிம் வேடத்துக்கும் மனித நடிகரையே அமர்த்தினர். டிம் கரி என்பவர் சில்வராகவும், கெவின் பிஷப் என்னும் சிறுவர் ஜிம்மாகவும் நடித்தனர். ஆதலின், சுற்றிலும் பாவைகள் கூத்தாடினும், ஜிம்மின் அச்சமும் அன்பும் மெய்யாகவே நின்றன. நம் தோற்பாவைக் கூத்தை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. இராமகாதை நடக்கும் திரையிலேயே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றிச் சிரிக்கவைப்பர். அதனால் இராமகாதையின் பெருமை குன்றுவதில்லை. சிரித்த நெஞ்சம் சோகத்துக்கும் எளிதில் இளகும் என்பதை நம் கூத்தர் நெடுங்காலமாக அறிவர்.

காகிதப் பாவையில் தொடங்கியது பாவைப்படத்தில் வந்து நின்றது. ஒரு மைந்தர் தந்தையின் தொழிலைத் துறந்தார். மற்றவர் தந்தையின் தொழிலை ஏற்றார். இருவரும் தமக்குரிய பணியைக் குறைவறச் செய்தனர். இன்ன உத்தியோகம் என்று பெற்றோர் ஒன்றை எண்ண, உள்ளம் வேறொன்றை நாடும் நிலை மாணவருள் பலருக்கும் உண்டு. அத்தகையோர், கலங்கரை விளக்கம் கட்டாத ஸ்டீவன்ஸன் வேறொரு விளக்கை ஏற்றினார் என்பதையும், அதற்கு எண்ணெய் வார்த்தவருள் அவர் தந்தையும் ஒருவர் என்பதையும் நினைவிற் கொள்வாராக.